லேபிள் மாறிய மாத்திரை டப்பா... எண்ணெய்ப் பணத்தில் வல்லரசுக் கனவு கண்ட ஈரான் ஷாவின் கதை!

உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். காலியான மாத்திரை டப்பாவில் வேறு ஏதோ மாத்திரையைப் போட்டு வைத்திருப்பார்கள். விவரம் தெரியாத ஒருவர் லேபிளை மட்டும் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுவார். அப்புறம் வீடே கலவரம்தான்.

1970-களின் நடுவில் இதே கூத்து ஓர் அரண்மனையில் நடந்தது. நோயாளி, ஈரான் மன்னர் முகமது ரெஸா ஷா பஹ்லவி. அவருக்கு வந்திருந்தது ரத்தப் புற்றுநோய் வகையைச் சேர்ந்த ஒரு நோய். பிரான்ஸிலிருந்து ரகசியமாக வந்துபோன டாக்டர்கள், மருந்தின் பெயர் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக, சாதாரணமான வேறொரு மருந்தின் டப்பாவில் அந்த மாத்திரைகளைப் போட்டுக் கொடுத்தார்கள். மன்னரின் பணியாளருக்கு இந்த விஷயம் தெரியாது. வெளியூர் போகும்போது மாத்திரை தீர்ந்துடக் கூடாதேன்னு நல்லெண்ணத்தில், லேபிளில் இருந்த பெயரைப் பார்த்து அந்தச் சாதாரண மருந்தையே வாங்கி அடுக்கிவிட்டார். மன்னரும் அதையே விழுங்கிக்கொண்டிருந்தார். அடங்கியிருந்த மண்ணீரல் மறுபடியும் வீங்கிய பிறகுதான் டாக்டர்களுக்கு விஷயமே புரிந்தது.

அதே காலகட்டத்தில் இந்த நோயாளி என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? அமெரிக்காவின் புத்தம்புதிய போர் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தார். அணுமின் நிலையங்களுக்கு வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தார். பாரசீக வளைகுடாவுக்கு இனி ஈரான்தான் காவல்காரன் என்று உலகத்தை நம்பவைத்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு உங்கள் மொபைலில் ஈரான் பற்றி ஒரு நோட்டிஃபிகேஷன் வந்தால், அதில் அணுசக்தி, வளைகுடாத் தீவுகள், ஹார்முஸ் ஜலசந்தி என ஏதாவது ஒன்று இருக்கும். இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் ஆரம்ப அத்தியாயங்களில் வருகிற மனிதர் இவர்தான். வாங்க, முதலிலிருந்து பார்ப்போம்.

சிப்பாயின் மகன்

பாரசீக மொழியில் ஷா என்றால் மன்னர். ஆனால், இவர் பிறந்தபோது இளவரசர் இல்லை. 1919 அக்டோபரில் தெஹ்ரானில், இரட்டையர்களில் ஒருவராகப் பிறந்தார். கூடப் பிறந்தவர் தங்கை அஷ்ரஃப். அப்பா ரெஸா கான், கொசாக் படைப்பிரிவில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து அதிகாரியாக உயர்ந்தவர். அவர் 1921-ல் படையோடு தலைநகருக்குள் நுழைந்தார். 1925-ல் பழைய அரச வம்சத்தை இறக்கிவிட்டுத் தானே ஷா ஆனார். ஆறு வயதுப் பையன் ஒரே நாளில் பட்டத்து இளவரசன் ஆகிவிட்டான்.

அப்பா முரட்டு ஆள். ரயில் பாதை, பல்கலைக்கழகம், ராணுவம் என்று நாட்டை அடித்து நிமிர்த்தியவர். மகனோ கூச்ச சுபாவம். சுவிட்சர்லாந்தில் பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் லெ ரோஸே பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பனிச்சறுக்கு, கார், பிறகு விமானம் ஓட்டுவது என வேகம் சம்பந்தப்பட்ட எல்லாமே அவருக்குப் பிடித்தது.

1941 ஆகஸ்ட்டில் அந்த வாழ்க்கையின் மேல் இடி விழுந்தது. இரண்டாம் உலகப்போர் நேரம். எண்ணெயும் ரயில் பாதையும் ஜெர்மனி கைக்குப் போய்விடக் கூடாது என்று பிரிட்டனும் சோவியத் யூனியனும் இரண்டு பக்கமிருந்தும் ஈரானுக்குள் புகுந்தன. அப்பா ஆசை ஆசையாக வளர்த்த ராணுவம் சில நாள்கூடத் தாங்கவில்லை. அவர் பதவி விலக, 21 வயது மகன் ஷா ஆனார்.

அப்பாவை ஒரு கப்பலில் ஏற்றினார்கள். அந்தக் கப்பல் பம்பாய் வரை வந்தது. ஆனால், கரையில் இறங்க பிரிட்டிஷார் அவரை விடவில்லை. அங்கிருந்து மொரீஷியஸ், அப்புறம் தென்னாப்பிரிக்கா. 1944 ஜூலையில் ஜோஹன்னஸ்பர்க்கில் இறந்துபோனார். சொந்த நாட்டை வெளியாள்கள் நினைத்தால் சுருட்டி மடித்துவிட முடியும் என்று மகன் கற்ற முதல் பாடம் இது. வாழ்நாள் முழுக்க அவரைத் துரத்திய பயமும் இதுதான்.

எண்ணெய் நம்மது... பணம் யாரோடது?

ஈரானில் 1908-ல் மஸ்ஜித் சுலைமான் என்ற இடத்தில் எண்ணெய் பீறிட்டது. அதை எடுத்து விற்க ஒரு பிரிட்டிஷ் கம்பெனி உருவானது. இன்று பி.பி என்று நீங்கள் கேள்விப்படும் அதே நிறுவனத்தின் மூதாதை. 1914-ல் பிரிட்டிஷ் அரசே அதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிக்கொண்டது. அபாதான் நகரில் பிரமாண்டமான சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. வேலை பார்க்க இந்தியாவிலிருந்துகூட ஆள்கள் போனார்கள்.

கொடுமை என்னன்னா, 1950 வாக்கில் அந்தக் கம்பெனி பிரிட்டிஷ் அரசுக்குக் கட்டிய வரி, எண்ணெயின் சொந்தக்காரரான ஈரானுக்குக் கொடுத்த தொகையைவிட அதிகம். வீடு நம்முடையது, வாடகையோ பக்கத்து வீட்டுக்காரருக்கு என்பது மாதிரி.

இந்தக் கோபத்தைக் கையில் எடுத்தவர் முகமது மொஸாதேக். 1951-ல் நாடாளுமன்றம் எண்ணெயை நாட்டுடைமை ஆக்கியது. மொஸாதேக் பிரதமர் ஆனார். பிரிட்டன் ஈரான் எண்ணெயை யாரும் வாங்க விடாமல் மறித்தது. அதோடு, அமெரிக்காவின் சி.ஐ.ஏ-வும் பிரிட்டனின் உளவுத்துறையும் சேர்ந்து மொஸாதேக்கைக் கவிழ்க்கத் திட்டம் போட்டன. அவரை நீக்கும் ஆணையில் ஷா தயங்கித் தயங்கிக் கையெழுத்துப் போட்டார்.

1953 ஆகஸ்ட்டில் முதல் முயற்சி சொதப்பியது. பதறிப்போன ஷா, தானே சின்ன விமானத்தை ஓட்டிக்கொண்டு மனைவி சொரயாவுடன் பாக்தாத்துக்குப் பறந்தார். அங்கிருந்து ரோம். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு ஆகஸ்ட் 19 அன்று தகவல் வந்தது. இரண்டாவது முயற்சி ஜெயித்துவிட்டது, மொஸாதேக் வீழ்ந்தார்.

ஷா ஊர் திரும்பினார். ஆனால், அவரை நாற்காலியில் உட்கார வைத்தது வெளிநாட்டுக் கை என்பதை ஈரானியர்கள் மறக்கவே இல்லை. ஒருவேளை, அவரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் செய்த பல விஷயங்களை, அந்த அவமானத்தைத் துடைக்க ஒரு மனிதன் பட்ட பாடு என்று பார்த்தால் உங்களுக்குச் சட்டென்று புரியும்.

பயந்தவர், பயமுறுத்தத் தொடங்கினார்

1957-ல் சாவாக் என்ற ரகசிய போலீஸ் அமைப்பு உருவானது. அரசை விமர்சித்தவர்கள் காணாமல் போனார்கள், சிறைகளில் சித்ரவதை நடந்தது. தெஹ்ரானில் இரண்டு பேர் பேசிக்கொண்டால் மூன்றாவது ஆள் யாரென்று திரும்பிப் பார்க்கும் நிலை.

இன்னொரு பக்கம் நல்லதும் நடந்தது. அதை மறைக்கக் கூடாது. 1963-ல் வெள்ளைப் புரட்சி என்று பெயர் வைத்து ஒரு திட்டத்தை ஷா அறிவித்தார. ஜமீன் நிலங்கள் விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது. படித்த இளைஞர்கள் கட்டாய ராணுவ சேவைக்குப் பதிலாகக் கிராமங்களுக்குப் போய் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால், எல்லாமே மேலிருந்து வந்த உத்தரவு. கேள்வி கேட்க வழி இல்லை. எதிர்த்துப் பேசிய மதகுருக்களில் ஒருவர், ஆயத்துல்லா கோமேனி. 1964-ல் அவரை நாடு கடத்தினார்கள். அவர் துருக்கி போய், பிறகு இராக்கின் நஜஃப் நகரில் தங்கினார். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

1967-ல், பதவிக்கு வந்து 26 ஆண்டுகள் கழித்து, ஷா முடிசூட்டு விழா நடத்தினார். கிரீடத்தை வேறு யாரும் வைக்கவில்லை, தானே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். மூன்றாவது மனைவி ஃபராவுக்கும் அவரே முடி சூட்டினார்.

பிரிட்டன் கிளம்பியது... கதவு திறந்தது

அடுத்த ஆண்டு ஷாவுக்கு ஜாக்பாட் அடித்தது. 1971-க்குள் வளைகுடாவிலிருந்து படைகளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம் என்று 1968 ஜனவரியில் பிரிட்டன் அறிவித்தது. உலக எண்ணெயின் பெரும்பகுதி கடந்து போகும் தண்ணீர்ப் பாதைக்கு இனி யார் காவல்? வியட்நாமில் கையைச் சுட்டுக்கொண்டிருந்த அமெரிக்கா தானே வந்து நிற்கத் தயாராக இல்லை. ஈரானையும் சவுதி அரேபியாவையும் இரண்டு தூண்களாக நிறுத்தலாம் என்று முடிவு செய்தது. ஆள்பலம், ராணுவம், ஆசை மூன்றிலும் கனமான தூண் ஈரான்தான்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஈரான் முஸ்லிம் நாடு, ஆனால் அரபு நாடு கிடையாது. மொழி பாரசீகம், பெரும்பான்மையோர் ஷியா பிரிவினர். சுற்றியுள்ள அரபு நாடுகளுக்கும் அதற்கும் பழைய போட்டி உண்டு. அந்த வளைகுடாவைப் பாரசீக வளைகுடா என்று அழைப்பதா, அரபு வளைகுடா என்று அழைப்பதா என்பதிலேயே இன்றைக்கும் சண்டை.

ஷா கணக்குப் போட்டுக் காய் நகர்த்தினார். பஹ்ரைன் எங்களுடையது என்ற பழைய கோரிக்கையை 1970-ல் கைவிட்டார். ஆனால், 1971 நவம்பர் 30 அன்று ஹார்முஸ் ஜலசந்திக்கு அருகிலுள்ள மூன்று தீவுகளில் ஈரானியப் படைகள் இறங்கின. அபு மூஸா, பெரிய தும்ப், சின்ன தும்ப். இரண்டே நாளில், டிசம்பர் 2 அன்று, ஐக்கிய அரபு அமீரகம் என்ற புது நாடு பிறந்தது. பிறக்கும்போதே அதன் மூன்று தீவுகள் கை நழுவியிருந்தன.

அதற்கு ஒரு மாதம் முன்புதான், 1971 அக்டோபரில், பாரசீகப் பேரரசின் 2,500-ம் ஆண்டு விழாவை பெர்சபோலிஸ் இடிபாடுகளுக்கு அருகே ஷா நடத்தியிருந்தார். பாலைவனத்தின் நடுவே சொகுசுக் கூடார நகரம். பாரிஸின் மேக்ஸிம்ஸ் ஹோட்டலிலிருந்து சமையல். எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசி முதல் நம் குடியரசுத் தலைவர் வி.வி.கிரி வரை விருந்தினர்கள். இன்ஸ்டாகிராம் இல்லாத காலத்தில் உலகமே பார்த்த டெஸ்டினேஷன் பார்ட்டி அது. ஆனால், அந்தப் பேரரசின் இந்நாள் குடிமக்களுக்கு அங்கே இடமில்லை. நஜஃபில் இருந்த கோமேனி இந்த விழாவைக் கடுமையாகக் கண்டித்தார். அன்றைக்கு அதை ஷா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று டாலர், பதினொன்றரை டாலர் ஆனது

1973 அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போர் மூண்டது. அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெயை நிறுத்தின. ஷா நிறுத்தவில்லை. அவர் வேறு வேலை பார்த்தார். எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஒபெக்கின் வளைகுடா உறுப்பினர்கள் டிசம்பரில் தெஹ்ரானிலேயே கூடினார்கள். விலையை ஒரே போடாக ஏற்றச் சொல்லி முன்னால் நின்றவர் ஷா. அக்டோபர் தொடக்கத்தில் பீப்பாய்க்கு சுமார் 3 டாலராக இருந்த விலை, 1974 ஜனவரி 1 முதல் 11.65 டாலர்.

நினைச்சுப் பாருங்க... மூன்றே மாதத்தில் உங்கள் சம்பளம் கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆனால் எப்படி இருக்கும்? ஈரானுக்கு அதுதான் நடந்தது.

இந்தியா மாதிரி எண்ணெய் வாங்கும் நாடுகளுக்கு முதுகு ஒடிந்தது. ஆனால், ஷாவோடு நமக்கு வேறு கணக்கும் இருந்தது. வட சென்னையில் மணலி பக்கம் போனால் புகைபோக்கிகள் தெரியுமே, அந்தச் சுத்திகரிப்பு ஆலை 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டபோது மூன்று கூட்டாளிகள். இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ நிறுவனம், மூன்றாவதாக ஷாவின் ஈரானியத் தேசிய எண்ணெய் நிறுவனம். 1969-ல் உற்பத்தி தொடங்கியது. பக்கத்திலேயே உள்ள மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் உர ஆலையிலும் ஈரானுக்குப் பங்கு. 1975-ல் கர்நாடகாவின் குதிரேமுக் மலையில் இரும்புத்தாது எடுக்கவும் ஈரான் கடன் தர ஒப்பந்தம் போட்டது. தன் புது உருக்கு ஆலைகளுக்கு அந்தத் தாது வேண்டும் என்பது ஷாவின் கணக்கு. அவருடைய கனவு இந்தியப் பெருங்கடல் வரை நீண்டிருந்தது. இன்று இந்தியாவோடு சேர்த்துப் பேசப்படும் சாபஹாரில் கடற்படைத் தளம் கட்டும் வேலையையும் அவர்தான் ஆரம்பித்தார்.

வண்டி வண்டியாக ஷாப்பிங்

1972 மே மாதம் அமெரிக்க அதிபர் நிக்ஸன் தெஹ்ரான் வந்தார். அணுகுண்டைத் தவிர எந்த ஆயுதம் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்கிற அளவுக்குக் கதவு திறந்துவிடப்பட்டது. அடுத்த வருடம் பணமும் கொட்டியதும் ஷாவைப் பிடிக்க முடியவில்லை. ஆயுத வியாபாரப் பத்திரிகைகளை அவர் படிக்கும் ஆர்வம், நம்மில் சிலர் புது மொபைல் ரிவ்யூ பார்க்கும் ஆர்வம் மாதிரி.

80 எஃப்-14 டாம்கேட் போர் விமானங்களுக்கு ஆர்டர். டாப் கன் படத்தில் டாம் குரூஸ் பறப்பாரே, அதே விமானம். அமெரிக்காவைத் தவிர உலகில் வேறு எந்த நாட்டுக்கும் அது விற்கப்படவில்லை. பிரிட்டனிலிருந்து டாங்குகள். தண்ணீரிலும் தரையிலும் ஓடும் ஹோவர்கிராஃப்ட்கள். ஓமனின் தோஃபார் பகுதியில் இடதுசாரிக் கிளர்ச்சி நடந்தபோது, அந்த நாட்டு சுல்தானுக்கு உதவ ஆயிரக்கணக்கான ஈரானிய வீரர்கள் போனார்கள். காவல்காரன் வேலை பேச்சோடு நிற்கவில்லை என்று அக்கம்பக்கத்துக்குப் புரிந்தது.

1975 மார்ச்சில் அல்ஜியர்ஸ் நகரில், அப்போது இராக்கின் துணை அதிபராக இருந்த சதாம் உசேனுடன் ஷா ஓர் ஒப்பந்தம் செய்தார். ஷத் அல் அரப் ஆற்றின் எல்லை ஈரான் கேட்டபடி முடிவானது. பதிலுக்கு, இராக்கில் அதுவரை தான் ஆயுதம் கொடுத்து வளர்த்த குர்து போராளிகளை ஷா அம்போவென்று கைவிட்டார். ஒரு கையெழுத்தில் அந்த மக்களின் கிளர்ச்சி நொறுங்கியது.

ஜெர்மனியின் புகழ்பெற்ற க்ரூப் உருக்கு நிறுவனத்தில் நாலில் ஒரு பங்கு. பிரான்ஸின் யுரேனியச் செறிவூட்டல் திட்டத்தில் 10 சதவிகிதம். புஷெஹர் நகரில் ஜெர்மன் நிறுவனம் கட்டும் அணுமின் நிலையம். ராணி ஃபரா தன் பங்குக்கு பிக்காஸோ, வார்ஹோல் ஓவியங்களை வாங்கி 1977-ல் தெஹ்ரானில் நவீனக் கலை அருங்காட்சியகமே திறந்தார். எதைக் கேட்டாலும் கிடைத்தது. ஒன்றைத் தவிர.

ராம்சரில் ஒரு மீட்டிங்

ராம்சர் என்றதும் பள்ளிக்கரணை ஞாபகம் வருதா? சதுப்பு நிலங்களைக் காக்கும் உலக உடன்படிக்கை 1971-ல் கையெழுத்தானது, காஸ்பியன் கடலோரம் இருக்கும் ராம்சர் என்ற இந்த ஈரானிய ஊரில்தான்.

அதே ஊரில் 1974 ஆகஸ்ட்டில் பொருளாதாரத் திட்ட அதிகாரிகள் ஷாவின் முன் உட்கார்ந்தார்கள். இவ்வளவு பணத்தை ஒரேயடியாக உள்ளே இறக்கினால் நாடு தாங்காது; துறைமுகம் போதாது, சாலை போதாது, படித்த ஆள்கள் போதாது; விலைவாசி எகிறும். இதையெல்லாம் எடுத்துச் சொன்னார்கள். ஷா கேட்கவில்லை. ஐந்தாண்டுத் திட்டச் செலவை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கச் சொல்லிவிட்டார்.

அதிகாரிகள் சொன்னது அப்படியே நடந்தது. துறைமுகங்களுக்கு வெளியே கப்பல்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன. காத்திருந்த கப்பல்களுக்கு அபராத வாடகை எகிறியது. ஆயிரக்கணக்கில் லாரிகளை வாங்கினார்கள், ஓட்ட டிரைவர்கள் இல்லை. அவர்களையும் வெளிநாட்டிலிருந்து கூட்டி வந்தார்கள். தெஹ்ரானில் வீட்டு வாடகை சாமானியர்களால் தொட முடியாத உயரத்துக்குப் போனது. கிராமத்து இளைஞர்கள் வேலை தேடி நகரத்துக்கு வந்து ஓரங்களில் குடிசை போட்டார்கள். அணுமின் நிலையம் கட்டும் நாட்டின் தலைநகரில் 1977 கோடையில் கரன்ட் கட்.

இதைச் சொல்லத்தான் எதிர்க்கட்சி, பத்திரிகை எல்லாம் இருக்க வேண்டும். ஷா 1975-ல் எல்லாக் கட்சிகளையும் மூடிவிட்டு ஒரே கட்சி போதும் என்று அறிவித்திருந்தார். பத்திரிகைகள் வாய் திறக்கவில்லை. அவர் வாங்க முடியாமல் போன அந்த ஒரு பொருள் இதுதான். முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லும் ஓர் ஆள்.

1976 டிசம்பரில் தோஹாவில் இன்னோர் அடி. ஷாவும் மற்ற பல நாடுகளும் எண்ணெய் விலையை 10 சதவிகிதம் ஏற்ற, சவுதி அரேபியாவும் அமீரகமும் 5 சதவிகிதத்தோடு நிறுத்திக்கொண்டன. வாங்குகிறவர்கள் விலை குறைந்த பக்கம் திரும்பினார்கள். ஈரானின் வருமானம் அடி வாங்கியது. இரண்டு தூண்களில் ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிட்டது.

டப்பாவுக்குள் இருந்த ரகசியம்

இப்போது மாத்திரை டப்பாவுக்கு வருவோம்.

பிரெஞ்சு டாக்டர்கள் முதன்முதலில் தெஹ்ரான் வந்தது 1974 மே மாதம். பணம் கொட்டத் தொடங்கிய அதே ஆண்டு. புற்றுநோய் என்ற வார்த்தையை மன்னரிடம் சொல்ல வேண்டாம் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது. ரத்தத்தில் ஒரு கோளாறு என்ற அளவில் பேச்சு நின்றது. மனைவி ஃபராவுக்கே 1977-ல்தான், அதுவும் பாரிஸில் வைத்து, டாக்டர்கள் ரகசியமாகச் சொன்னார்கள். தெஹ்ரானில் பெரிய தூதரகம் வைத்திருந்த அமெரிக்காவுக்கோ எதுவுமே தெரியாது.

யோசித்துப் பாருங்கள். வளைகுடாவின் பாதுகாப்பே ஒரு நாட்டை நம்பி, அந்த நாடு ஒரு மனிதரை நம்பி, அந்த மனிதர் ஒரு மாத்திரையை நம்பி. அந்த மாத்திரையும் தப்பான டப்பாவில்.

அவர் ஏன் அவ்வளவு அவசரப்பட்டார் என்பதற்கு இந்த நோயும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். மகன் ரெஸாவுக்கு 1974-ல் 14 வயதுகூட முடியவில்லை. அவனுக்கு ஒரு வல்லரசைக் கட்டி முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்ற ஓட்டம். ஆனால், உடம்பின் உண்மை அவருக்கு மறைக்கப்பட்ட மாதிரியே, நாட்டின் உண்மையும் மறைக்கப்பட்டது. இரண்டுக்கும் சுற்றியிருந்தவர்களின் பயம்தான் காரணம். அந்தப் பயத்தை வளர்த்தவரும் அவர்தான்.

குழாயை மூடியவர்கள்

1977-ன் கடைசி இரவு. அமெரிக்க அதிபர் கார்ட்டர் தெஹ்ரான் விருந்தில் கோப்பையை உயர்த்தி, கொந்தளிக்கும் பிராந்தியத்தில் ஈரான் அமைதியான நாடு என்று பாராட்டினார். ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. 1978 ஜனவரியில் கோமேனியை இழிவுபடுத்தி ஒரு பத்திரிகையில் கட்டுரை வந்தது. கும் நகரில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச்சூட்டில் சிலர் இறந்தார்கள். ஷியா வழக்கப்படி 40-ம் நாள் துக்கம் அனுசரிப்பார்கள். அந்தத் துக்கக் கூட்டம் இன்னொரு நகரில் போராட்டமாக மாறும், அங்கேயும் சுடுவார்கள், அங்கிருந்து இன்னொரு 40 நாள். நெருப்பு நாடு முழுக்கப் பரவியது.

ஆகஸ்ட் 19, மொஸாதேக் வீழ்ந்து சரியாக 25 ஆண்டுகள். எண்ணெய் நகரமான அபாதானில் ரெக்ஸ் தியேட்டருக்குத் தீ வைக்கப்பட்டது. படம் பார்க்கப் போன 400-க்கும் மேற்பட்டவர்கள் வெந்து செத்தார்கள். சாவாக்தான் செய்தது என்று மக்கள் நம்பினார்கள். பின்னாளில் மதத் தீவிரவாதிகள் மீது குற்றச்சாட்டு திரும்பியது. ஆனால், அன்றைக்கு ஷா சொன்ன எதையும் நம்ப யாரும் தயாராக இல்லை. செப்டம்பர் 8 அன்று தெஹ்ரானின் ஜலே சதுக்கத்தில் ராணுவம் கூட்டத்தைச் சுட்டது. அதோடு சமரசத்துக்கான பாதையும் அடைபட்டது.

கடைசி அடியைக் கொடுத்தவர்கள் எண்ணெய்த் தொழிலாளர்கள். அக்டோபரில் வேலைநிறுத்தம் தொடங்கியது. நாளொன்றுக்கு 50 லட்சம் பீப்பாய்க்கு மேல் பாய்ந்துகொண்டிருந்த எண்ணெய், சொட்டுச் சொட்டாகக் குறைந்தது. அத்தனை போர் விமானங்களாலும் அவர்களை ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த விமானங்கள் வெளியே பார்க்கத்தானே வாங்கப்பட்டவை?

1979 ஜனவரி 16. ஷா விமானம் ஏறினார். 1953 மாதிரியே, இந்த முறையும் புறப்படும்போது விமானத்தைத் தானே ஓட்டினார். ஆனால், திரும்பி வரச்சொல்லி இந்த முறை தகவல் வரவில்லை. பிப்ரவரி 1 அன்று கோமேனி தெஹ்ரான் வந்து இறங்கினார். பத்தே நாளில் முடியாட்சி முடிந்தது.

படுக்க ஓர் இடம்

அடுத்த ஒன்றரை ஆண்டு, ஷாவின் வாழ்க்கையில் மனதைப் பிசையும் பகுதி. எகிப்து, மொராக்கோ, பஹாமாஸ், மெக்ஸிகோ. நேற்றுவரை அவர் வீட்டு விருந்துக்கு வந்தவர்கள் இன்று போனை எடுக்கத் தயங்கினார்கள். அமெரிக்காவே பல மாதங்கள் யோசித்துவிட்டு, நோய் முற்றியது தெரிந்த பிறகுதான் 1979 அக்டோபரில் உள்ளே விட்டது. நியூயார்க் மருத்துவமனையில் வேறொருவர் பெயரில் சேர்த்தார்கள். மறுபடியும் லேபிள் மாற்றம்.

அதன் விலை பெரிது. 1953-ல் நடந்த மாதிரி மறுபடியும் அவரைக் கொண்டுவந்து உட்கார வைக்கப் போகிறார்கள் என்ற கோபத்தில், நவம்பர் 4 அன்று தெஹ்ரானில் மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்துக்குள் புகுந்தார்கள். 52 பேர் 444 நாள்கள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். அமெரிக்காவுக்கும் ஈரானுக்கும் இன்றுவரை தொடரும் பகை, அந்த மருத்துவமனைப் படுக்கையைச் சுற்றித்தான் இறுகியது.

அங்கிருந்து பனாமா. கடைசியில் எகிப்து அதிபர் சதாத் கதவைத் திறந்தார். 1980 ஜூலை 27 அன்று கெய்ரோவில் ஷா இறந்தார். வயது 60. அல் ரிஃபாய் மசூதியில் அடக்கம். அவருடைய அப்பாவின் உடலும் சில காலம் அதே மசூதியில்தான் வைக்கப்பட்டிருந்தது. அப்பாவின் உடல் 1950-ல் ஈரான் திரும்பியது. மகனின் உடல் இன்னும் அங்கேயே இருக்கிறது.

மிச்சம் இருப்பது

ஷா போனதும் அவருடைய கனவு என்ன ஆனது? இங்கேதான் கதை சுவாரஸ்யம்.

அவர் இறந்த இரண்டே மாதத்தில், 1980 செப்டம்பரில், அல்ஜியர்ஸ் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு சதாம் உசேன் ஈரான்மீது படையெடுத்தார். எட்டு ஆண்டுப் போரில் ஈரானின் வானத்தைக் காத்தவற்றில் ஷா வாங்கிய எஃப்-14 விமானங்களும் உண்டு. 2006-ல் அமெரிக்கக் கடற்படை அந்த விமானங்களுக்கு ஓய்வு கொடுத்த பிறகும் ஈரானில் அவை பறந்தன. புஷெஹர் அணுமின் நிலையத்தை ரஷ்யா கட்டி முடித்து, 2011-ல் மின்சாரம் கொடுத்தது. மூன்று தீவுகள் இன்றும் ஈரான் வசம், அமீரகம் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது. மணலி ஆலையில்கூட ஈரான் அரசு எண்ணெய் நிறுவனத்தின் கிளைக்கு 15 சதவிகிதத்துக்கும் மேல் பங்கு தொடர்கிறது. குதிரேமுக் தாதுவைத்தான் புரட்சிக்குப் பிறகு ஈரான் எடுத்துக்கொள்ளவில்லை.

வளைகுடாவில் ஈரான்தான் பெரிய கை என்ற ஆசையை, ஷாவைத் துரத்தியவர்களும் விடவில்லை. கிரீடம் போய் தலைப்பாகை வந்தது, அமெரிக்க நட்பு போய் பகை வந்தது. வெளியே பலம் காட்டிக்கொண்டு, உள்ளே கேள்வி கேட்பவர்களை அடக்கும் பழக்கம் மட்டும் தொடர்ந்தது.

அடுத்த முறை ஏதாவது ஒரு நாடு பளபளக்கும் ஏவுகணைகளை அணிவகுக்க வைக்கும் வீடியோ உங்கள் ஃபீடில் வந்தால், ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். அந்த மேடையில் நிற்கும் தலைவரிடம் உண்மையைச் சொல்ல ஒருவராவது பக்கத்தில் இருக்கிறாரா? இல்லையென்றால், லேபிளை மட்டும் பார்த்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.